பின்னணியில் ரெக்வெஸ்ட் ஓடும்போது ஸ்பின்னர்: எப்போது காட்டுவது, எங்கே காட்டுவது? (காவடிப் பதிவுப் பக்கம்)

சாட்ஸ்வொர்த்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் உள்ள எங்கள் பகுதிக் கோயிலுக்காகத் தைப்பூசக் காவடிப் பதிவை இணையத்தில் செய்ய ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை கோயில் அலுவலகத்தில் நோட்டுப் புத்தகத்தில்தான் எழுதிவந்தார்கள். பெயர், நட்சத்திரம், பால்குடமா காவடியா ரதமா, எந்த வேளை, அவ்வளவுதான் விவரம்.

பக்கத்தைப் புதுப்பிக்காமல் பின்னணியில் சர்வருக்கு ரெக்வெஸ்ட் (கோரிக்கை) அனுப்பிப் பேச வேண்டிய இடங்கள் மூன்று. வேளையைத் தேர்ந்தெடுத்ததும் எத்தனை இடம் மீதி என்று கேட்டு வர வேண்டும். 'பதிவு செய்' அழுத்தினால் விவரம் போய்ச் சேர வேண்டும். கடைசியில் இஎஃப்டி (வங்கி வழிப் பணமாற்றம்) கட்டிய ரசீதைப் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும்.

தொண்டர்களிடம் சோதனைக்குக் கொடுத்தோம். வீட்டு ஃபைபரில் பார்த்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. ப்ரீபெய்ட் டேட்டாவில் போனில் பார்த்த ஒரு அம்மாவுக்கு பட்டனை அழுத்தியும் ஒன்றும் நடக்காததுபோல் தெரிந்திருக்கிறது. திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார். அவர் பெயரில் வரிசையாகப் பால்குடங்கள் பதிவாகி, அந்த வேளையே நிரம்பிவிட்டது.

பக்கம் ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதியது. அதன் அஜாக்ஸ்ஸ்டார்ட் என்ற நிகழ்வு வந்ததும் திரை முழுக்க மறைக்கும் ஸ்பின்னர் (காத்திருக்கச் சொல்லிச் சுற்றும் வட்டம்), அஜாக்ஸ்ஸ்டாப் வந்ததும் அதை எடுத்துவிடுவது என்று இரண்டே வரியில் முடிக்கலாம் என நினைக்கிறேன். இது போதுமா? உண்மையான பக்தர்கள் கையில் போவதற்கு முன் கேட்டுக்கொள்கிறேன்.

வலைத்தறி:

தம்பி, நல்ல வேலை செய்கிறீர்கள். அந்த இரண்டு வரி ஓடும், அதில் சந்தேகமில்லை. வேறு எதுவும் ஓடாத நேரத்தில் முதல் ரெக்வெஸ்ட் கிளம்பினால் அஜாக்ஸ்ஸ்டார்ட் வரும். ஓடுகிற எல்லாம் முடிந்த பிறகுதான் அஜாக்ஸ்ஸ்டாப் வரும். எண்ணிக்கையை ஜேகுவெரியே வைத்துக்கொள்கிறது. ஆனால் ஜேகுவெரி வழியாகப் போகும் ரெக்வெஸ்ட் மட்டும்தான் அதன் கணக்கில் வரும். நாளைக்கு வேறொருவர் வந்து ஒரே ஒரு இடத்தில் பிரவுசரின் சொந்த ரெக்வெஸ்ட் வழியான ஃபெட்ச் போட்டால் அது தெரியாமலே போய்விடும்.

எனக்கு உறுத்துவது திரை முழுக்க மறைப்பதுதான். வேளையை மாற்றிப் பார்ப்பவர் காலை, மதியம், மறுபடி காலை என்று தட்டிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு தட்டுக்கும் திரை இருண்டு வெளுத்தால் கண் வலிக்கும், என்னவோ கெட்டுப்போய்விட்டது என்று பயமும் வரும். மீதி இடம் கேட்கும் ரெக்வெஸ்டுக்கு குளோபல் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள். பொதுக் கணக்கிலிருந்து அது விலகிக்கொள்ளும். எண் வர வேண்டிய இடத்திலேயே சிறிதாக ஒரு அடையாளம் காட்டினால் போதும்.

வெருலம்_பெரியவர்:

நான் இதை மறுக்கிறேன். நம் கோயில்களுக்கு வருபவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். ஓரத்தில் சின்னதாகச் சுற்றுவது எங்கள் கண்ணில் படாது. திரையை மறைத்து நடுவில் பெரிதாகக் காட்டினால்தான் 'சரி, வேலை நடக்கிறது' என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்போம். இரட்டைப் பதிவும் நிற்கும், ஏனென்றால் அழுத்தவே முடியாது.

வலைத்தறி:

ஐயா, பதிவு செய்யும் அந்த ஒரு கட்டத்துக்கு நீங்கள் சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அப்போது வேறு எதையும் தொடக் கூடாது. மற்ற இடங்களுக்கு வேண்டாம். அதோடு, திரையை மறைப்பதால் விரலைத் தடுக்கலாமே தவிர விசைப்பலகையைத் தடுக்க முடியாது. மறைப்புக்கு அடியில் இருக்கும் பட்டனில் ஃபோகஸ் இருந்தால் என்டர் தட்டினாலே மறுபடி போய்விடும். ஆகையால் மறைப்பை மட்டும் நம்பி இரட்டைப் பதிவை விட்டுவிடக் கூடாது.

லெனேசியா_அக்கா:

இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழம்புகின்றன, அதைப் பிரித்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். 'நீங்கள் அழுத்தியது எனக்குத் தெரிந்தது' என்று சொல்வது ஒன்று. 'இன்னும் பதில் வரவில்லை, பொறுங்கள்' என்று சொல்வது இன்னொன்று. முதலாவது உடனே நடக்க வேண்டும். இரண்டாவது கொஞ்சம் தாமதித்தே வர வேண்டும். அந்த அம்மா மறுபடி மறுபடி அழுத்தியதற்குக் காரணம் முதலாவது இல்லாமல் போனதுதான். ஸ்பின்னர் வைத்திருந்தாலும் அது அரை செகண்ட் கழித்து வந்தால் அதற்குள் இன்னொரு தட்டு விழுந்திருக்கும்.

பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் எழுதிய காத்திருப்பு நேர அளவுகளைத்தான் இன்றும் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன்பே 1968-இல் ராபர்ட் மில்லர் இதே வழியில் எழுதியிருக்கிறார். 0.1 செகண்டுக்குள் பதில் வந்தால் நம் கையே செய்ததுபோல் இருக்கும். 1 செகண்ட் வரை தாமதம் தெரியும், ஆனால் எண்ண ஓட்டம் அறுபடாது. 10 செகண்டைத் தாண்டினால் மனிதர் வேறு வேலைக்குப் போய்விடுவார். அதனால் நான் செய்வது இப்படி:

பட்டனை அழுத்திய அதே கணத்தில் பட்டனின் நிறமும் எழுத்தும் மாறிவிடும். 'பதிவு செய்' என்பது 'பதிவாகிறது…' ஆகும். இதற்கு சர்வரைக் கேட்க வேண்டியதே இல்லை.

ஸ்பின்னருக்கு செட்டைம்அவுட் என்ற டைமர் வைத்து 300 மில்லி செகண்ட் காத்திருப்பேன். அதற்குள் பதில் வந்துவிட்டால் டைமரை ரத்து செய்துவிடுவேன், ஸ்பின்னர் வரவே வராது. நல்ல இணைப்பில் இருப்பவருக்கு ஒரு மின்னல் வெட்டுகூடத் தெரியாது.

ஸ்பின்னர் வந்துவிட்டது என்றால் குறைந்தது அரை செகண்டாவது நிற்க வைப்பேன். 310-ஆவது மில்லி செகண்டில் தோன்றி 330-இல் மறைந்தால் திரை துடித்ததுபோல் இருக்கும். அது ஸ்பின்னரே இல்லாததைவிட மோசம்.

சாட்ஸ்வொர்த்காரன்:

அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. ஒரு சந்தேகம். மீதி இடம் கேட்கும் ரெக்வெஸ்ட் மிகச் சிறியது, நாலு எழுத்துகூடத் திரும்பி வராது. அதற்கே போனில் ஒரு செகண்டுக்கு மேல் போகிறதே, ஏன்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_கம்பி:

உங்கள் சர்வர் எங்கே இருக்கிறது?

சாட்ஸ்வொர்த்காரன்:

ஐரோப்பாவில். அங்கே வாடகை மலிவு என்று யாரோ ஏற்கெனவே எடுத்துக் கொடுத்தது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_கம்பி:

அதுதான் காரணம். அளவு சிறியதா பெரியதா என்பது இங்கே கணக்கில்லை, தூரம்தான் கணக்கு. கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கேப் டவுன் பக்கத்திலிருந்து மேற்குக் கரையோரமாக லண்டன் போகும் வாக்ஸ் என்ற கடலடிக் கேபிள் 14,000 கிலோமீட்டருக்கும் மேல். போய்வர 28,000. கேபிளுக்குள் மட்டுமே 140 மில்லி செகண்ட் கரைந்துவிடும். டர்பனிலிருந்து கேப் டவுன் வரை நிலத்தில் போவது, நடுவில் ரூட்டர்கள், போனுக்கும் டவருக்கும் இடையே ஆகும் நேரம் எல்லாம் இதற்கு மேல்.

ஒரே ஒரு போய்வரவு என்று நினைக்காதீர்கள். புது இணைப்பு என்றால் டிசிபி கை குலுக்க (இணைப்பைத் தொடங்க) ஒரு போய்வரவு, பாதுகாப்புக்கான டிஎல்எஸ் 1.3 என்றால் இன்னொன்று, உண்மையான கேள்வி பதிலுக்கு மூன்றாவது. பழைய டிஎல்எஸ் 1.2 ஆக இருந்தால் மேலும் ஒன்று. தளத்தின் முகவரியை டிஎன்எஸ்ஸில் தேடுவதைச் சேர்க்கவில்லை. ஆக, சர்வர் உடனுக்குடன் பதில் சொன்னாலும் அரை செகண்ட் சாதாரணமாகப் போய்விடும். சிக்னல் மோசமான இடத்தில் ஒரு பாக்கெட் தொலைந்தால் ஒரு செகண்டைத் தாண்டுவது வியப்பில்லை. 2024 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் கடலோரம் வாக்ஸ் உட்பட நான்கு கேபிள்கள் ஒரே சமயத்தில் பழுதானது நினைவிருக்கும். அப்போது இந்தக் கணக்கெல்லாம் இன்னும் மோசமானது.

நம் நாட்டிலேயே இப்போது வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அஷுர் 2019-இல் ஜோஹன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும் வந்தது, அமேசான் 2020-இல் கேப் டவுனில் வந்தது. உள்ளூர் ஹோஸ்டிங்கும் நிறைய. சர்வரை இங்கே மாற்றினால் பாதி இடத்தில் உங்களுக்கு ஸ்பின்னரே தேவைப்படாது. ஸ்பின்னரை அழகுபடுத்துவதற்கு முன் காத்திருப்பையே குறைக்கப் பாருங்கள்.

ஸ்டேங்கர்_புதியவன்:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஸ்பின்னர் வரவே மாட்டேன் என்கிறது. ரெக்வெஸ்டுக்கு முன் வரியில் காட்டு, பின் வரியில் மறை என்றுதான் எழுதியிருக்கிறேன். பக்கம் உறைந்துபோய், பதில் வந்ததும் விடுபடுகிறது. ஸ்பின்னர் ஒரு கணம்கூடத் தெரிவதில்லை.

லெனேசியா_அக்கா:

ரெக்வெஸ்டில் அசிங்க் என்பதை ஃபால்ஸ் என்று வைத்திருக்கிறீர்களா பாருங்கள். அப்படி வைத்தால் பதில் வரும்வரை பிரவுசரின் பிரதானத் த்ரெட் அப்படியே நிற்கும். 'ஸ்பின்னரைக் காட்டு' என்ற கட்டளை போய்விட்டது, ஆனால் அதை வரைய பிரவுசருக்கு நேரமே கிடைக்கவில்லை. நேரம் கிடைக்கும்போது 'மறை' என்ற கட்டளையும் வந்துவிட்டது. இந்த முறையைப் பிரவுசர்களே கைவிடச் சொல்லிப் பல வருடம் ஆகிறது. எடுத்துவிடுங்கள்.

ஸ்டேங்கர்_புதியவன்:

அதேதான். எடுத்ததும் சுற்றுகிறது. நன்றி அக்கா.

வலைத்தறி:

இதையொட்டி ஒன்று. ஸ்பின்னரை ஜிஃப் படமாக வைக்காதீர்கள். இணைப்பு மெதுவாக இருக்கும்போதுதான் அது தேவை, அந்தப் படமே அதே மெதுவான இணைப்பில் இறங்கி வர வேண்டியிருக்கும். சிஎஸ்எஸ்ஸில் ஒரு வட்டம் வரைந்து டிரான்ஸ்ஃபார்ம் ரொட்டேட் மூலம் சுற்றவிட்டால் ஒரு கோப்பும் கூடுதலாக வேண்டாம். பெரும்பாலான பிரவுசர்களில் அந்தச் சுழற்சி தனியாக ஓடுவதால் ஸ்கிரிப்ட் மும்முரமாக இருக்கும்போதும் தடுக்காமல் சுற்றும்.

வெருலம்_பெரியவர்:

சுற்றிக்கொண்டே இருப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். சுற்றுவது நிற்காமல் போனால் என்ன செய்வது? அதைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் வீட்டில் அடிக்கடி நடப்பது அதுதான்.

லெனேசியா_அக்கா:

ஐயா கேட்டதுதான் இந்த இழையின் மிக முக்கியமான கேள்வி. நிற்காத ஸ்பின்னர் ஒரு பொய். வேலை நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும், ஆனால் எதுவும் நடக்காது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வெற்றி வந்தால் மறை என்று எழுதுவார்கள், தோல்விக்கு எழுத மறந்துவிடுவார்கள். மறைக்கும் வரியை ஃபைனலியில் வையுங்கள். வெற்றியோ தோல்வியோ, இரண்டு வழியிலும் அது ஓடும். ஜேகுவெரியில் அதற்கு ஆல்வேஸ்.

ஃபெட்ச் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. சர்வர் 500 என்று பிழை அனுப்பினாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாது. பதில் வந்துவிட்டது அல்லவா, அதனால் வெற்றி என்றே நினைக்கும். ரெஸ்பான்ஸின் ஓகே என்ற மதிப்பை நாம்தான் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் ஸ்பின்னர் அழகாக மறையும், பதிவு நடந்திருக்காது, பக்தர் நிம்மதியாகத் தூங்கப் போவார்.

ஒரே நேரத்தில் பல ரெக்வெஸ்ட் ஓடினால் ஒரு எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது ஒன்று கூட்டி, ஃபைனலியில் ஒன்று குறைத்து, பூஜ்யம் ஆனால் மட்டும் மறையுங்கள். ஆம்/இல்லை என்று ஒரே கொடியை வைத்தால், முதலில் முடிந்தது இரண்டாவதின் ஸ்பின்னரையும் சேர்த்து அணைத்துவிடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_கம்பி:

இதில் லோட்ஷெடிங் (முறை வைத்து மின்வெட்டு) அனுபவத்தையும் சேர்க்கிறேன். 2023-இல் ஆறாம் கட்டம் வரை போனபோது வீட்டுக்கு வீடு ரூட்டருக்கு மினி யுபிஎஸ் வாங்கி வைத்தோம். ரூட்டர் விளக்கு எரியும், போன் வைஃபையில் இருக்கிறேன் என்று காட்டும், ஆனால் வெளியே எங்கோ கருவி செத்துக் கிடக்கும். அப்போது நேவிகேட்டர் ஆன்லைன் என்று பிரவுசரைக் கேட்டால் ட்ரூ என்றே சொல்லும். ரூட்டரோடு இணைப்பு இருக்கிறதா என்பதுதான் அதற்குத் தெரியும், உலகத்தோடு இருக்கிறதா என்பது தெரியாது. அது ஃபால்ஸ் என்றால் நம்பலாம், ட்ரூ என்றால் நம்ப முடியாது. 2024-க்குப் பிறகு லோட்ஷெடிங் வெகுவாகக் குறைந்தாலும், கேபிள் திருட்டு, மழை என்று இதே நிலை இன்னும் வருகிறது.

ஆகவே ஒவ்வொரு ரெக்வெஸ்டுக்கும் நாமே கால வரம்பு வைக்க வேண்டும். ஃபெட்சுக்குத் தானாக நாம் விரும்பும் வரம்பு கிடையாது. அபார்ட்சிக்னலின் டைம்அவுட்டைக் கொடுத்தால் அந்த நேரத்தில் அறுத்துவிடும். ஜேகுவெரியில் டைம்அவுட் என்ற அமைப்பே இருக்கிறது. மீதி இடம் கேட்பதற்கு நான் 8 செகண்ட் வைப்பேன், பதிவுக்கு 20.

சாட்ஸ்வொர்த்காரன்:

பதிவை 20 செகண்டில் அறுத்தால் 'பதிவாகவில்லை, மறுபடி முயலுங்கள்' என்று காட்டலாமா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_கம்பி:

கூடாது! நீங்கள் அறுத்தது பதிலுக்காகக் காத்திருப்பதை. விவரம் சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதிவாகி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். பதிவானதா இல்லையா என்பது அந்த நேரத்தில் பக்கத்துக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னால் மறுபடி பால்குடங்கள் குவியும்.

இதற்குத் தீர்வு சர்வரில் இருக்கிறது. படிவம் திறந்ததும் அதற்கென்று ஒரு தனி அடையாள எண் உருவாக்குங்கள். கிரிப்டோவின் ரேண்டம்யூயுஐடி போதும், தளம் ஹெச்டிடிபிஎஸ்ஸில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. பதிவோடு அந்த எண்ணையும் அனுப்புங்கள். டேட்டாபேஸில் அந்த நெடுவரிசைக்கு யுனிக் கட்டுப்பாடு போடுங்கள். அதே எண் மறுபடி வந்தால் புதிதாக எழுதாமல், முதலில் எழுதியதன் விவரத்தையே திருப்பி அனுப்புங்கள். அதன் பிறகு அந்த அம்மா எத்தனை முறை அழுத்தினாலும் ஒரே பால்குடம்தான். அப்போது நீங்கள் துணிந்து சொல்லலாம்: 'பதில் வரவில்லை. மறுபடி அழுத்துங்கள், இரண்டாவது பதிவு ஆகாது.'

வெருலம்_பெரியவர்:

இப்படி எழுதியிருந்தால் எனக்குப் பயமே இருக்காது. திரையை மறைத்தாலும் மறைக்காவிட்டாலும் சரி, அந்தக் கடைசி வரி கட்டாயம் இருக்கட்டும்.

இஸிப்பிங்கோ_மகள்:

நீண்ட நாளாகப் படிக்கிறேன், முதல் முறை எழுதுகிறேன். என் அப்பாவுக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துப் போனைத் தானே இயக்குவார், யாரையும் கேட்க மாட்டார். காவடிப் பதிவையும் தானே செய்ய விரும்புவார். உங்கள் ஸ்பின்னர் அவருக்கு ஒன்றும் சொல்லாது. அழுத்தினார், பிறகு நிசப்தம். அவருக்கு அந்த நிசப்தம்தான் உறைந்த திரை. தயவுசெய்து இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லெனேசியா_அக்கா:

நல்ல நேரத்தில் சொன்னீர்கள் அம்மா. தம்பி, பக்கத்தில் ரோல் ஸ்டேட்டஸ் என்ற பண்போடு ஒரு வெற்றுப் பெட்டி வையுங்கள். பக்கம் திறக்கும்போதே அது இருக்க வேண்டும், தேவைப்படும்போது புதிதாக உருவாக்கினால் பல திரைவாசிப்பான்கள் அதைப் படிக்காமல் விட்டுவிடும். ஸ்பின்னர் தோன்றும்போது அந்தப் பெட்டிக்குள் 'உங்கள் காவடி பதிவாகிறது' என்று எழுதுங்கள், முடிந்ததும் 'பதிவாகிவிட்டது, காலை வேளை' என்று மாற்றுங்கள். பேசிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டு அதைப் படிக்கும். பிழைச் செய்திக்கு மட்டும் ரோல் அலர்ட், அது உடனே குறுக்கிட்டுப் படிக்கும். மீதி இடம் கேட்பதற்கு 'ஏற்றுகிறது' என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வைக்காதீர்கள், எண் வந்ததும் எண்ணை மட்டும் சொன்னால் போதும்.

பட்டனுக்கு டிசேபிள்ட் போட வேண்டாம். பல இடங்களில் ஃபோகஸ் அறுந்து, அவர் எங்கே இருந்தார் என்பதே தொலைந்துவிடும். ஏரியா டிசேபிள்ட் (aria-disabled) என்ற பண்பைப் போட்டு, ஸ்கிரிப்டில் 'ஏற்கெனவே ஓடுகிறதா' என்று பார்த்து இரண்டாவது அழுத்தலைத் தள்ளிவிடுங்கள். சுழல்வதைப் பார்த்தால் தலை சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போனில் அசைவைக் குறைத்து வைத்திருந்தால் பிரிஃபர்ஸ் ரெட்யூஸ்ட் மோஷன் மூலம் தெரிந்துகொண்டு, வட்டத்தை நிறுத்திவிட்டு எழுத்தை மட்டும் காட்டுங்கள்.

வலைத்தறி:

ரசீது போட்டோவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அங்கே வட்டம் சுற்றுவது போதாது. இப்போதைய போன் போட்டோ 3, 4 எம்பி வரும். ப்ரீபெய்ட் டேட்டாவில் அது 10 செகண்டை எளிதில் தாண்டும், பணமும் கரையும். எத்தனை சதவீதம் போனது என்று காட்டினால்தான் மனிதர் பொறுப்பார். ஃபெட்சில் ஏற்றத்தின் முன்னேற்றத்தை அறிய நேரான வழி இல்லை. பழைய எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரெக்வெஸ்டின் அப்லோட் பகுதியில் ப்ரோக்ரஸ் நிகழ்வு இருக்கிறது, எவ்வளவு போனது, மொத்தம் எவ்வளவு என்று இரண்டும் சொல்லும். 100 தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள். பைட்டுகள் கிளம்பிவிட்டன என்பதுதான் அதன் பொருள், சர்வர் இன்னும் பதில் சொல்லவில்லை. அங்கே எழுத்தை 'ரசீதைச் சேமிக்கிறோம்' என்று மாற்றுங்கள்.

அதற்கும் முன்னால், பிரவுசரிலேயே கேன்வாஸில் போட்டுப் படத்தைச் சுருக்குங்கள். ரசீதில் எண் படிக்க 1,200 பிக்சல் அகலம் தாராளம். சில நூறு கேபியில் முடிந்துவிடும்.

சாட்ஸ்வொர்த்காரன்:

எல்லோர் சொன்னதையும் வைத்து மாற்றி எழுதிவிட்டேன். சர்வரை ஜோஹன்னஸ்பர்க்குக்கு மாற்றக் கோயில் கமிட்டி ஒப்புக்கொண்டது. மீதி இடம் இப்போது பெரும்பாலும் ஸ்பின்னர் தோன்றும் முன்பே வந்துவிடுகிறது. பிரவுசரின் டெவலப்பர் கருவியில் 3ஜி வேகத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன், பட்டன் உடனே மாறுகிறது, வட்டம் பிறகு வருகிறது. ரெக்வெஸ்ட் ஓடும்போது வைஃபையை அணைத்தும் பார்த்தேன். கம்பி அண்ணா சொன்ன வரி வருகிறது, மறுபடி அழுத்தினால் பழைய பதிவே திரும்பி வருகிறது.

ஒன்று மட்டும் மிச்சம். வேளைகளை வேகமாக மாற்றித் தட்டினால், சில சமயம் காலையின் எண் மதியத்துக்குக் கீழே வந்து நிற்கிறது.

லெனேசியா_அக்கா:

முதலில் கேட்டதன் பதில் கடைசியாக வந்து சேர்கிறது, அதுதான். புதிய வேளையைத் தொட்டதும் பழைய ரெக்வெஸ்டை அபார்ட்கண்ட்ரோலரால் ரத்து செய்யுங்கள். ஜேகுவெரி என்றால் திரும்பி வந்த பொருளிலேயே அபார்ட் இருக்கிறது. ரத்தானதும் பிழை வழியாகத்தான் வெளியே வரும், அதைப் பயனருக்குப் பிழையாகக் காட்டிவிடாதீர்கள். எண்ணிக்கை ஃபைனலியில் குறைகிறதா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள்.

சாட்ஸ்வொர்த்காரன்:

சரியாகிவிட்டது அக்கா. எண்ணிக்கையும் பூஜ்யத்துக்கு வருகிறது. இஸிப்பிங்கோ அக்கா, இந்த வாரக் கடைசியில் அப்பாவிடம் ஒருமுறை கொடுத்துப் பார்க்க முடியுமா? சோதனைத் தளத்தின் முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.

இஸிப்பிங்கோ_மகள்:

அனுப்புங்கள் தம்பி. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பிழை வரும் வழியையும் அவர் கேட்க வேண்டும் என்கிறார், அதனால் வைஃபையை அணைத்தும் பார்க்கச் சொல்கிறேன்.